பிறர் வீட்டில் விளக்கேற்றி

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குச் செல்லும் வீதியில் ஹக்கலை வரையில் ஒரு தேசம். ஹக்கலைக்கு அப்பால் மற்றொரு தேசம். ஆடி மாதத்தில் இவ்வழியே பிரயாணஞ் செய்வோர் இதனைக் கண்கூடாகக் காணலாம். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் பஸ் ஏறும்போது கம்பளிச் சட்டைக்கு மேலே சால்வையையும் இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். சீதாஎலியவில் ஆற்றோரத்துச் சீதையம்மன் கோயிலைக் கடக்கையில் வண்டியின் கண்ணாடிகளில் மழைநீர் வழிகிறது. சிங்கோனா மரம் பயிரிடுவதற்கென 1861ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பெற்ற ஹக்கலைப் பூந்தோட்டத்தின் வாயிலைத் தாண்டி, மலையின் தோளைச் சுற்றி வண்டி திரும்புகிறது. சிறிது தூரஞ் சென்றதும் மழை நின்று, வெயில் முகத்திலடிக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழையை மத்திய மலைத்தொடர் மேற்குப் பக்கத்திலேயே பறித்துக்கொள்ள, வெறுங்கையான காற்று மாத்திரமே ஊவாவுக்குள் இறங்குகிறது. அவ்வறண்ட காற்றுத்தான் ஆடி முதல் புரட்டாதி வரையில் ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் பெயர் வாங்கித்தந்த வாசனையை அதற்கு ஊட்டுகிறது என்பர். நாம் இம்முறை சென்றது மாசி மாதம். ஆதலால் மழையும் வெயிலும் கைமாறும் அவ்வேடிக்கையைக் காணவில்லை. முன்னர் இரு தடவை கண்டதுண்டு.

வெலிமடை பெரிய பட்டினமன்று. பஸ் நிலையம், கடைத்தெரு, மரக்கறி மூட்டைகளை ஏற்றிய லொறிகள், நாற்புறமும் படிப்படியாக இறங்கும் வயல்கள், அவற்றுக்கு மேலே பத்தனைப் புல்வெளிகள், அதற்கும் மேலே தேயிலை. சிங்களத்தில் ‘வெலி’ என்றால் மணல். ‘மட’ என்றால் சேறு. பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ, ஊர் இரண்டுக்கும் பொருந்தியே நடக்கிறது. ஒரு போகத்தில் நெல் விளைந்த அதே வயலில் அடுத்த போகம் உருளைக்கிழங்கு விளைகிறது. கரட்டும் போஞ்சியும் கோவாவும் கெப்பெட்டிபொலப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து இரவோடிரவாகக் கொழும்புக்கு இறங்குகின்றன. அவ்வூருக்குப் பெயர் தந்த கெப்பெட்டிபொல திசாவை, 1817இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்கும்படி ஆங்கிலேயரால் அனுப்பப்பட்டு, கிளர்ச்சிக்காரருடனேயே சேர்ந்துகொண்டவர். 1818 நவம்பரில் கண்டியில் அவருடைய தலையை வெட்டினார்கள். அத்தலையோடு கடல் கடந்து போன மண்டையோடு 1954இல்தான் நாடு திரும்பியது. வெலிமடைக்கு அண்மையில் திவுரும்பொல என்னும் விகாரையும் உண்டு. அசோகவனத்திலிருந்து மீண்ட சீதாபிராட்டி தீயிலிறங்கிச் சத்தியஞ் செய்த இடம் அதுவென்பது ஐதிகம். பிறருடைய வனத்தில் வாழநேர்ந்த ஒருத்தி, அவ்வாறு வாழ்ந்தமைக்காகவே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது! போகட்டும், நாம் வந்த விஷயத்துக்கு வருவோம்.

நாம் இவ்வூருக்கு உல்லாசப் பிரயாணிகளாக வரவில்லை; உறவினரைக் காணவும் வரவில்லை. ஒரு வீட்டையும், அதிலுள்ள ஒரு கிழநாயையும், இரண்டு பூனைகளையும், ஆறு கோழிகளையும் ஐந்து வாரம் பார்த்துக்கொள்ள வந்தோம்.

வாசகர் பலருக்கு இது விநோதமாகத் தோன்றலாம். வீட்டுக்காரர் வெளியூர் போகும்போது அவர் வீட்டிற் குடியிருந்து, அவர் வளர்க்கும் பிராணிகளுக்கு வேளா வேளைக்கு உணவளித்து, செடிகொடிகளுக்கு நீரூற்றி, அவர் திரும்பியதும் திறப்பை ஒப்படைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது. இதுவே தொழிலாகவும் இதுவே வாழ்வாகவும் கொண்டவர்கள் இன்று உலகிற் பலர் இருக்கின்றனர். கூலியும் இல்லை, வாடகையும் இல்லை. மேல்நாடுகளில் இதற்கு ஓர் ஒழுங்கே ஏற்பட்டுவிட்டது. அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டு முதல் இத்தகைய வீடுகளை அறிவிக்கும் பத்திரிகையொன்று வெளிவந்தது. 2010இல் இங்கிலாந்தில் ‘ட்ரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ்’ என்ற நிறுவனம் தோன்றியபின், வீட்டுக்காரரும் காவலிருப்போரும் இணையத்தின் வழியே ஒருவரையொருவர் தேடிக்கொள்வது எளிதாயிற்று. இரு சாராரும் ஆண்டுச் சந்தா செலுத்துகின்றனர். முகம் பார்த்துப் பேசி, முன்பு தங்கிய வீட்டார் எழுதிய நற்சான்றுகளைப் படித்து, அதன்பின்னரே திறப்புக் கைமாறும். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகளும், மடிக்கணினி ஒன்றிருந்தால் எங்கும் வேலை செய்யக்கூடிய இளைஞர்களும், கோடையில் பிரித்தானியா, குளிர்காலத்தில் அவுஸ்திரேலியா என்று பறவைகளைப்போல் வலசை போகின்றனர்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 2022இல், கனடாவில் ஒரு பூனையைப் பார்த்துக்கொள்ளச் சென்ற அவுஸ்திரேலியப் பெண்ணொருவர், வழியில் லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் மறிக்கப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்டார். சம்பளம் வாங்காவிட்டாலும், தங்குமிடத்துக்கு ஈடாக உழைப்பது வேலையே என்பது அதிகாரிகளின் வாதம். அச்செய்தியைப் படித்தபோது எமக்கு அது வீண் கெடுபிடியாகவே பட்டது. வெலிமடைக்கு வந்தபின் அவ்வாதத்தைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டியதாயிற்று.

நம்மவரிடையே இவ்வழக்கம் புதிதா என்றால், இல்லை; அதற்கு இத்தனை சம்பிரமம் இருந்ததில்லை, அவ்வளவே. செட்டிநாட்டிலே, பத்து மைல் சுற்றளவுக்குள் எத்தனையோ மாளிகைகள், குடும்பத்தார் சென்னையிலும் வெளிநாட்டிலும் வாழ, காவற்காரர் ஒருவருடைய பொறுப்பில் நிற்கின்றன. அவர் நாளுக்கு இரண்டு கதவுகளாகத் திறந்து காற்றுப் படவிட்டு மூடுகிறார். யாழ்ப்பாணத்திலோ வீதிக்கு வீதி இதுதான் கதை. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, வீட்டை ஓர் உறவினரோ, அயலவரோ, மாணவர் சிலரோ பார்க்கின்றனர். ஆளைத் தேடும்போது, “வீட்டுக்கு விளக்கு வைக்க ஓராள் வேண்டும்” என்றே சொல்வார்கள். காவலுக்கு ஆள் என்று சொல்வதில்லை. பூட்டிக்கிடக்கும் வீட்டைக் கள்வன் மாத்திரமன்று, கறையானும் இருளும் சேர்ந்தே தின்னும் என்பது அவர்கள் அறிந்த பாடம்.

எமது உத்தியோகம் எழுத்துவேலை, எங்கிருந்தும் செய்யலாம். கணவனும் மனைவியுமாக இருவர், பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். எந்த நிறுவனத்திலும் நாம் சேரவில்லை. ஒரு வீட்டார் சொல்லி மற்றொரு வீடு வந்தது. நல்லூரில் ஒரு வீடு, கண்டியில் ஒரு வீடு, காரைக்குடியில் ஒரு வீடு என்று இரண்டரை ஆண்டுகள் இரண்டு பெட்டிகளோடு ஓடிவிட்டன. வெலிமடை எமக்கு ஒன்பதாவது வீடு.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர். மெல்பேணிலிருக்கும் மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் புறப்பட்டார்கள். நகரத்திலிருந்து சற்று விலகி, தேயிலை மலையொன்றின் அடிவாரத்தில், தகரக்கூரையும் முன்னால் ரோஜாப் பாத்திகளுமாக அடக்கமான வீடு. ஆசிரியர் புறப்படுமுன் நான்கு பக்கத்துக்குக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். கோழிகளை ஆறு மணிக்கு முன்னர் அடைக்க வேண்டும், கீரி வரும். கறுத்தப் பூனைக்கு மீன் ஆகாது, வயிற்றைக் கொண்டுபோகும். நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்ட அட்டை அலுமாரியின் இரண்டாந் தட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாமியறையில் சாம்பிராணி போட வேண்டும். கடைசியில், தனி வரியில்: ‘ஜிம்மி இரவில் எங்காவது போனால் தேட வேண்டாம், வந்துவிடுவான்.’

ஜிம்மி என்பது கிழநாயின் பெயர். வயது பதின்மூன்று, ஒரு காது இல்லை. முதலிரண்டு நாளும் எம்மை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாயிற்படியில் வீதியை நோக்கிப் படுத்துக் கிடந்தான். இத்தொழிலில் மனதை உருக்கும் நாட்கள் இவைதாம். எந்த வீட்டுக்குச் சென்றாலும் முதல் மூன்று நாள் நாம் அந்நியர். நாலாம் நாள் உணவு கொடுப்போர். ஐந்தாம் வாரத்தில் அவர்களைச் சேர்ந்தவர்கள். அப்பொழுது பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். மேல்நாட்டார் எழுதும் பிரயாணக் குறிப்புகளில் கடற்கரையும் மாளிகையும் வருமளவுக்கு இச்செய்தி வருவதில்லை.

மூன்றாம் நாளிரவு ஜிம்மியைக் காணோம். தேட வேண்டாமென்று எழுதியிருந்ததென்னவோ உண்மை. ஆனால் அன்று மாலை கடையில், மேல்மலையில் ‘புலி’ நடமாடுவதாகப் பேச்சு அடிபட்டது. மலையகத்தில் சிறுத்தையைப் புலியென்றே சொல்வர். அதற்கு நாயென்றால் கொள்ளை ஆசை. பிறர் நம்பி ஒப்படைத்த உயிர் அல்லவா? கைவிளக்கை எடுத்துக்கொண்டு, நாய் போன தடத்தைப் பிடித்துக் குறுக்குப்பாதையில் ஏறினோம். தேயிலைச் செடிகளினூடே கால் மணி நேரம் ஏறியபின், பீலிக்கரையைத் தாண்டி, ஒரு லயம் தெரிந்தது. அதன் கடைசிக் காம்பராவின் இஸ்தோப்பில், அடுப்புச் சூட்டில் காய்ந்த சாக்கொன்றின்மேல், ஜிம்மி ராஜாவைப்போலப் படுத்திருந்தான். பக்கத்தில் எழுபது வயதை எட்டிய ஒரு மூதாட்டி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்கய்யா, வாங்கம்மா. மாஸ்டர் வூட்டுக்கு வந்திருக்கிறவங்கதானே? இவன் பன்னண்டு வருசமா ராவுக்கு இங்கதான். காலம்பற அங்க போயிருவான். ரெண்டு வூட்டுக்கும் காவக்காரன்.”

அவரை நாம் பெரியம்மா என்றழைத்தோம். அன்றுமுதல் பெரும்பாலான மாலைகளில் ஜிம்மி முன்னே செல்ல நாமும் அவ்விஸ்தோப்புக்குச் சென்றோம். வெலிமடையில் பார்க்க வேண்டிய இடங்களென்று எழுதிக்கொண்டுவந்த பட்டியல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

பெரியம்மா நாற்பதாண்டுக்குமேல் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். அவருடைய தாயாரோ பெரிய பங்களாவில் ஆயாவாக இருந்தவர். அது வெள்ளைக்காரத் துரைமாரின் கடைசிக் காலம். துரை சில ஆண்டுகளுக்கொரு முறை ஆறு மாத விடுமுறையிற் சீமைக்குக் கப்பலேறுவார். அவ்விடத்துக்கு ‘அக்டிங் துரை’ ஒருவர் வருவார். துரையின் நாயோ வந்தவர் கையால் உண்ணாது. ஆயாதான் ஊட்ட வேண்டும். அதற்கு வாரத்துக்கு இவ்வளவு இறைச்சி என்று கணக்கு; குளிப்பாட்ட ஒரு பையன். ஆறு மாதமும் ஆயா பங்களாவிலேயே இருப்பார். அவருடைய குழந்தை, அதாவது நம் பெரியம்மா, பிள்ளைக்காம்பராவிலும் லயத்திலும் வளர்ந்தார்.

நாம் செய்யும் தொழிலைப்பற்றி அவருக்கு விளக்கிச் சொல்ல நேர்ந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சம்பளம் எம்புட்டுங்க?” என்றார்.

“சம்பளம் கிடையாது, பெரியம்மா. வாடகை கொடுக்காமல் அவர்கள் வீட்டில் இருந்துகொள்வோம்.”

“எங்க படுப்பீங்க?”

“அவர்களுடைய அறையில்தான். கட்டிலிலே.”

அவர் வெகுநேரம் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் சொன்னார்: “எங்காத்தா முப்பது வருசம் பங்களாவக் காத்துச்சுங்க. ஒருநா அந்தக் கட்டில்ல குந்தினதில்ல. குசினிப் பின்னால பாய்தான்.”

இதனை அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவ்விரவு வீடு திரும்பி ஆசிரியரின் கட்டிலிற் படுத்தபோது, உறக்கம் பிடிக்கவில்லை என்று எழுதினால் அது அலங்காரமாகிவிடும்; மலையேறிய அலுப்பில் நன்றாகவே உறங்கினோம். ஆனால் மறுநாள் முதல் ஊவாவை வேறொரு கண்கொண்டு பார்க்கலானோம். இந்த மலைகளின் சரித்திரமே பிறர் வீட்டைக் காத்த சரித்திரமல்லவா?

தேயிலையின் சொந்தக்காரரோ பெரும்பாலும் இங்கே குடியிருந்தவரல்லர். 1890இல் வந்திறங்கித் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், ஹப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேதன்னையில் தொழிற்சாலை கட்டினார். மலையுச்சியில் அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லும் ‘லிப்டன் இருக்கை’யை இன்றும் உல்லாசப் பிரயாணிகள் தேடிப் போகின்றனர். அமர்ந்து பார்க்க ஓர் இருக்கை போதும், குடியிருக்க வேண்டியதில்லை. கம்பனிகளின் பங்குதாரர் சீமையில், ஏஜென்சிக் காரியாலயம் கொழும்பில், தோட்டத்தில் துரை. அத்துரைக்கும் பங்களா சொந்தமன்று. உத்தியோகம் முடிந்த நாளில் ரோஜாவையும் நாயையும் விட்டுவிட்டு இறங்கிப்போக வேண்டியவரே அவரும். அவ்வகையில் அவரையும் எம் இனத்தாரெனச் சொல்லிக்கொள்ளலாம். அவர் கட்டிலிற் படுத்தவர் என்பதோடு ஒற்றுமை இன்னும் நெருங்குகிறது.

ஹப்புத்தளையில் அடிஷம் என்னும் கல்மாளிகையைப் பலர் பார்த்திருப்பர். சேர் தோமஸ் விலியர்ஸ் என்பவர் 1931இல், தாம் பிறந்த இங்கிலாந்துக் கிராமத்தின் பெயரையே சூட்டி, அந்நாட்டுக் கோட்டையொன்றின் சாயலில் அதைக் கட்டினார். தாய்நாட்டை மறக்கவொண்ணாத ஒருவருடைய வீடு அது. சில காலத்தின்பின் அவர் அதை விட்டுச் செல்ல நேர்ந்தது. 1960களில் அது ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் கைக்கு வந்து, இன்று அவர்களுடைய மடமாக விளங்குகிறது. சொத்து வேண்டாமென்று சத்தியஞ் செய்தவர்கள் அப்பிரபுவின் புத்தகங்களையும் தளபாடங்களையும் தூசி தட்டிக் காக்கிறார்கள். பழக்கூழ் செய்து வருவோருக்கு விற்கிறார்கள். நாம் கண்ட வீடு காப்போரில் மனநிறைவோடு காப்பவர் அவர்களே என்று தோன்றியது.

துரைமாரின் காலம் 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானதோடு முடிந்தது. பெரியம்மாவின் தாயார் பராமரித்த துரை புறப்படும்போது நாயை ஆயாவுக்கே கொடுத்துவிட்டுப் போனாராம். “அது காம்பராவுக்குள்ள வரவே வராதுங்க. சின்னதா இருக்குன்னு நெனச்சிச்சோ என்னமோ. தெனமும் பங்களாவுக்கே ஓடும். புதுத் தொர வெரட்டுவாரு. நாலு மாசத்துல செத்துப்போச்சு.” சொல்லிவிட்டு, காலடியிற் கிடந்த ஜிம்மிக்கு ரொட்டித் துண்டொன்றைப் போட்டார்.

நாய்க்குச் சின்னதாகத் தோன்றிய காம்பராவின் அளவு, வழக்கமாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இத்தகைய பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக இருந்தால் அது லயம். 1823 முதல் எண்ணி, 2023இல் மலையகத் தமிழர் தம் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். அவர்களிற் சிலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த வழியே நடந்தும் சென்றார்கள். இருநூறு ஆண்டில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த காம்பரா, குடியிருந்தோருக்குச் சொந்தமாகவில்லை. தோட்டத்தில் வேலை உள்ளவரைக்கும் வீடு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தோடு நாடும் சொந்தமில்லையென்றாயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் பார்க்கலாம் என்று மனிதரைப் பங்கு பிரித்தது. பெரியம்மாவின் அண்ணன் குடும்பம் அக்கணக்கில் கப்பலேறி நீலகிரியில் இறங்கியது. எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தீர்ந்தது. நாடு கிடைத்தது, வீடு பின்தங்கிவிட்டது.

நாம் ‘நாடோடி வாழ்க்கை’ என்று சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்வதை, இவ்வரலாற்றுக்கு முன் வைத்துப் பார்த்தால் கூசுகிறது. வீட்டை விட்டுவரத் துணிந்தவன் நாடோடியாகலாம். விடுவதற்கு முதலில் ஒரு வீடு இருந்திருக்க வேண்டுமே.

காவற்றொழிலும் பெரியம்மாவின் தாயாரோடு ஒழிந்துவிடவில்லை. அவருடைய இளைய மகள் நான்காண்டாகக் குவைத்தில் ஒரு வீட்டிற் பணிசெய்கிறார். 1970களின் பிற்பகுதி முதல் இலங்கைப் பெண்கள் மேற்காசிய நாடுகளுக்கு இவ்வாறு சென்றுவருகின்றனர்; தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ பேர் போகிறார்கள். அம்மகளுடைய இரண்டு பிள்ளைகளும் பாட்டியோடு இதே காம்பராவில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவில் தொலைபேசியில் தாயின் முகம் தெரியும். ஒருமுறை நாமும் அங்கிருந்தோம். குவைத்து வீட்டில் ஒரு வெள்ளைப் பூனை வளர்க்கிறார்களாம். அது மகளின் மடியிலேறிப் படுத்திருந்ததைத் தொலைபேசியிற் காட்டினார். ஆறு வயதுப் பேத்தி அப்பூனையை வெகு கவனமாகப் பார்த்துவிட்டு, “அது ராவுக்கு அம்மாகூடவா படுக்கும்?” என்று கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து விடை வரச் சற்று நேரமாயிற்று.

லொஸ் ஏஞ்சலிஸ் அதிகாரிகள் சொன்னதை நாம் மறுபடியும் நினைத்தது அன்றுதான். பிறருடைய வீட்டைக் காப்பது வேலையா, இல்லையா? வேலைதான். பூனைக்கு உணவிடுவதும், கதவடைப்பதும், விடியுமுன் எழுந்து கோழி திறப்பதும் வேலையன்றி வேறென்ன? வேண்டாமென்று தோன்றும் நாளில் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படலாம் என்ற ஒன்றினால் அது எமக்கு விளையாட்டாக இருக்கிறது. குவைத்து மகளின் ஒப்பந்தத்தில் அந்த வாசகம் இல்லை.

இப்படிச் சொல்வதனால் இவ்வாழ்க்கையை நாம் இழித்துரைப்பதாக மாணவ வாசகர் எண்ண வேண்டாம். ஓரூரில் விடுதியிற் பத்து நாள் தங்குபவர் அறியாததை, ஒரு நாயோடு பத்து நாள் நடப்பவர் அறிவார். அயலவர் உம்மை நம்பாவிட்டாலும் நாயை அறிவார்கள். நாய் காட்டிய வழியே அவர்கள் வீட்டுக்குள்ளும் போகலாம். பிரயாணச் செலவு கைப்பணம், நோய்நொடி வந்தால் உற்றார் தொலைவில், உம்முடைய ஒழுங்கு பிறர் வீட்டில் செல்லாது என்பவற்றைப் பொறுத்துக்கொள்ளக்கூடியவர் சில காலம் முயன்று பார்க்கலாம்.

லயங்களைப்பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் கணக்குச் சரிவராது. காலம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது, மிக மெதுவாக. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிய கொடுமை, பாதுகாப்பான இடத்தில் தனித்தனி வீடு என்ற பேச்சுக்கு வேகங் கொடுத்தது. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலமும் அதில் ஒரு வீடுமென்று திட்டங்கள் வந்தன. இந்திய உதவியோடு ஊவாவிலும் மத்திய மாகாணத்திலும் முதலில் 4,000 வீடுகள். மேலும் 10,000 வீடுகளுக்கான அறிவிப்பு 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமரால் செய்யப்பட்டது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில், வீடு பெறுவோருக்கான பத்திரங்கள் வழங்கப்பட்டன. அடுத்த மாதமே தித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்தின் மலைகளைப் பல இடங்களில் பிளந்துவிட்டது. மலையை நம்பி வீடு கட்டுவதா, மலைக்குப் பயந்து கட்டாமலிருப்பதா என்று இங்கே பலரும் இன்று மயங்குகிறார்கள். மலை தானாக அசைவது போதாதென்று மனிதர் அசைத்ததும் உண்டு. 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டத்துக்காக, வெலிமடைப் பக்கத்துப் புகுல்பொல அணையிலிருந்தும் டயரபா அணையிலிருந்தும் நீர் கொண்டுபோகச் சுரங்கம் தோண்டியபோது, பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றி வீட்டுச் சுவர்கள் வெடித்த கதையை ஊரார் இன்னும் சொல்கின்றனர்.

பெரியம்மாவின் குடும்பத்துக்கும் லயத்துக்குக் கீழே, சற்றுச் சமதரையான ஓரிடத்தில் 7 பேர்ச்சஸ் அளந்து கொடுத்திருந்தார்கள். நாம் வந்தபோது அத்திவாரம் மாத்திரம் இருந்தது. நான்காம் வாரத்தில் சுவர் சன்னல் மட்டத்துக்கு எழுந்துவிட்டது. வேலை முன்னேற முன்னேறப் பணம் கட்டங்கட்டமாக வருமாம், மிச்சம் குவைத்திலிருந்து. சீமெந்து மூட்டைகள் வந்திறங்கிய அன்று பெரியம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டார். கூரையில்லாத அச்சுவர்களுக்கிடையே நான்கு தகரத்தைச் சாய்த்து, மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தார். ஜிம்மியும் லயத்தை மறந்து அங்கே குடிபெயர்ந்தான்.

நாம் புறப்படுவதற்கு முதல்நாள் விடைபெறச் சென்றோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா எம்மை உள்ளே அழைத்து, சுவரெழாத அறைகளுக்கெல்லாம் பெயர் சொன்னார். இது சாமிக்கு, இது மகளுக்கு, இது குசினி. ஓரிடத்தில் நின்று, “இங்க கட்டிலு” என்றார்.

பிறகு, எதையோ வெகுநாள் யோசித்து வைத்திருந்தவர்போலக் கேட்டார்: “மக வந்து கூரையும் போட்டாச்சுன்னா, ஆடிக்குக் கதிர்காமம் போவணும்னு நேத்திங்க. ஒரு கெழம ஆவும். நீங்க ரெண்டு பேரும் வந்து வூட்டப் பாத்துக்குவீங்களா?”

வருவதாகச் சொன்னோம்.

“சம்பளம் கெடையாது,” என்றார், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. “கோழிய ஆறு மணிக்கு அடச்சிறணும். பொழுதுபட வெளக்கு வச்சிறணும். நாயி எங்கயாச்சும் போச்சுன்னா தேட வேணாம், வந்துரும். கட்டில்லயே படுத்துக்கங்க.”